கலக்காத கிராம்பு எண்ணெய்

எழுதுவதற்கு எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. பத்தாவதோடு நின்றவள். மளிகைச் சீட்டைத் தாண்டி எதையும் எழுதிப் பழக்கமில்லை. நம் சங்க மலரில் எழுதுகிறவர்கள் படித்தவர்கள், நாலு இடம் போய் வந்தவர்கள். அவர்களுக்கு நடுவில் நான் இரண்டு பக்கத்தைப் பிடித்துக்கொள்வதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பேசச் சொன்னபோது பேசாமல் எழுந்து போய்விட்டு இப்போது எழுதித் தருவது அதிகப்பிரசங்கித்தனம் என்பதும் எனக்குத் தெரியும்.

போன மாதம் நம் குடியிருப்பின் கீழ்த்தள ஹாலில் வாசனை எண்ணெய் வகுப்பு நடந்ததே, அதைத்தான் சொல்கிறேன். வந்திருந்த பெண் ஆளுக்கொரு பஞ்சில் ஒரு சொட்டு விட்டுக் கொடுத்து, கண்ணை மூடி முகர்ந்து பார்த்து, அது உங்களை எங்கே கூட்டிப்போகிறது என்று சொல்லச் சொன்னாள். நீங்கள் எல்லாரும் நன்றாகச் சொன்னீர்கள். ஒருவர் ஊட்டி என்றார். ஒருவர் தன் மாமியாரின் பீரோ என்றார், எல்லாரும் சிரித்தோம். என் கைக்கு வந்தது கிராம்பு. நான் அதை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோகவில்லை. அந்தப் பெண் மூடியைத் திறந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. "அக்கா ரொம்ப ஷை" என்று யாரோ சொன்னீர்கள். வெட்கம் உண்டுதான். ஆனால் அன்றைக்கு அது வெட்கம் இல்லை. எனக்குத் திக்கும். மேடவாக்கத்துக்கு வந்து இவ்வளவு காலமாகியும் உங்களில் பலருக்கு அது தெரியாது. ஏனென்றால் நான் தலையாட்டியே காலத்தை ஓட்டிவிடுவேன்.

உங்களில் பாதிப்பேர் என் வயதுக்காரர்கள். அதனால் அந்தக் காலத்து வீடுகளைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் வீடு அஸ்தினாபுரத்தில். நிலமெல்லாம் மனைகளாகக் கைமாறிப் போயிருந்தது. எருமைகள் மட்டும்தான் மிச்சம். நாங்கள் நாற்று நட்ட இடத்தில் வீடு கட்டிக் குடிவந்த காலனிக்காரர்களுக்கே பால் ஊற்றினோம். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை. அங்கே ஊறவைத்த பருத்திக்கொட்டையின் புளித்த வாசனை, சாணம், மூத்திரம், புகை மூட்டத்துக்குப் போடும் வேப்பிலை எல்லாம் ஒன்றாகக் கலந்து எங்கள் தலைமுடி வரை ஏறியிருக்கும். காலனிப் பிள்ளைகள் என் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். எனக்கு அது வாசனையாகவே தெரியாது.

வீட்டை நடத்தியது அத்தை, அப்பாவின் அக்கா. புருஷன் வீட்டிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தவள். அப்பா அவள் பேச்சைத் தாண்ட மாட்டார். அம்மாவுக்குப் பேச்சே கிடையாது. பாலில் தண்ணீர் ஊற்றுவது அத்தையின் வேலை. அதை அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஊற்றும்போது அவள் முகத்தில் திருட்டுத்தனம் ஒன்றும் இருக்காது. குழம்புக்கு உப்புப் போடுகிற முகம்தான். கலக்காத பால் காலனிக்காரிகளின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்பாள். அப்படிப்பட்டவள் கடையில் எதை வாங்கினாலும் நம்ப மாட்டாள். மண்ணெண்ணெயை விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பாள். நல்லெண்ணெயை நாக்கில் வைத்துப் பார்ப்பாள். உலகத்தில் எல்லாப் பொருளிலும் எவனோ ஒருவன் எதையோ கலந்திருக்கிறான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

எனக்குப் பேச்சு எப்போது திக்க ஆரம்பித்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை. என் பெயரின் முதல் எழுத்தே எனக்கு எதிரி. உதடு ஒட்டிக்கொண்டு பிரியாது. கழுத்து நரம்பு புடைக்கும். கேட்டவர் சலித்துப்போய் வேறு பக்கம் திரும்பிய பிறகுதான் சத்தம் வெளியே வரும். எங்கள் மாடியில் ஒரு கம்பவுண்டர் குடியிருந்தார். தாம்பரத்தில் ஒரு பல் டாக்டரிடம் வேலை. அவர் எனக்கு வைத்த பெயர் டிரங்க் கால், லைனுக்காகக் காத்துக் கிடக்கிற வெளியூர் போன். நான் வாயைத் திறந்தால், "இருங்க இருங்க, லைன் கிடைக்கட்டும்" என்று காதில் கையை வைத்துக்கொள்வார். வீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள். அவர் என்னிடம் பிரியமாக இருப்பதாக நான் நினைத்திருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் இதைவிட மோசம். காலையில் பெயர் கூப்பிடும்போது "உள்ளேன் டீச்சர்" என்று சொல்ல வேண்டும். நான் மூச்சைப் பிடித்து வாயைத் திறப்பதற்குள் டீச்சர் நாலு பெயர் தாண்டிப் போயிருப்பாள். ஐந்தாவது முடியும்போது பார்த்தால், கணக்குப்படி நான் பாதி நாள் பள்ளிக்கே வரவில்லை. அப்பா விளக்குமாற்றின் கட்டையால் அடித்தார். எங்கே சுற்றப் போனாய் என்று கேட்டுக் கேட்டு அடித்தார். வகுப்பில்தான் இருந்தேன் என்பதைச் சொல்ல முடியாமல் அதற்கும் சேர்த்து வாங்கினேன்.

அந்தக் கோடையில் சிஸ்டர்கள் நடத்துகிற இங்கிலீஷ் பள்ளியில் என்னை ஆறாவது சேர்க்க அப்பா முடிவு செய்தார். காலனிக்காரர்களுக்குச் சமமாக நிற்க வேண்டும் என்பது அவர் ஆசை. என் ஆசை வேறு. பால் வாங்கும் வீட்டுப் பெண் ஒருத்தி அங்கே படித்தாள். அவள் பேச்சுவாக்கில் சொன்னாள், அவர்கள் பள்ளியில் பெயர் கூப்பிட்டால் கையைத் தூக்கினால் போதுமாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. கை தூக்குவது எனக்கு வரும். அந்தப் பள்ளியின் படிப்பு, கட்டடம், சீருடை எதுவும் எனக்குப் பெரிதாகப் படவில்லை. கையைத் தூக்கினால் நான் இருக்கிறேன் என்று எழுதிக்கொள்வார்கள். அது போதும்.

சேர்வதற்கு முன்னால் ஒரு தடவை மட்டும் பேச வேண்டியிருந்தது. பள்ளித் தலைவியான மதர் முன்னால் நின்று பெயரையும் அப்பா பெயரையும் சொல்லி, ஒரு பாட்டு ஒப்பிக்க வேண்டும்.

அத்தைக்கு இதில் ஒரு சந்தேகமும் இல்லை. எனக்கு நாக்கு தடித்திருக்கிறது, அதை மெலிய வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஏற்கனவே வசம்பைச் சுட்டுத் தேய்த்துப் பார்த்தாயிற்று. மோதிரத்தைத் தேனில் முக்கி நாக்கில் எழுதியும் பார்த்தாயிற்று. சிங்கப்பெருமாள் கோவிலுக்குக் கூட்டிப்போனாள். சன்னதிக்கு முன்னால் வரிசையில் நிற்கும்போதே, "நாக்கு தடிச்சிகீது சாமி, மெலிய வுடு" என்று உரக்கச் சொன்னாள். முன்னால் நின்ற அம்மாள் திரும்பி, எங்கே காட்டு என்றாள். அத்தை என் முதுகில் இடித்தாள். நாக்கை நீட்டினேன். பின்னால் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். ஆமாம் தடிப்புதான் என்றார் ஒருவர். நீளமும் கம்மி என்றார் இன்னொருவர். தன் பிள்ளைக்குக் காட்டுவதற்காக ஒருத்தி அவனை இடுப்பிலிருந்து இன்னும் உயரத் தூக்கினாள். சாமியைப் பார்க்கும்வரை நான் நாக்கை உள்ளே இழுக்கவில்லை. இழுக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் எனக்கு ஒரு ரகசியம் தெரியும். எருமைக் கன்றிடம் பேசும்போது எனக்குத் திக்காது. இதை முதலில் கவனித்தது அம்மா. ஒருநாள் சாணி அள்ள வந்தவள் கூடையோடு அப்படியே நின்றுவிட்டாள். அதற்குப் பிறகு தினமும் மத்தியானம், அத்தை படுத்த நேரத்தில், கொட்டகையில் எங்கள் பள்ளிக்கூடம் நடந்தது. நான் கன்றின் கழுத்தைத் தடவிக்கொண்டு அதனிடம் பெயரைச் சொல்வேன். பிறகு கன்றை விட்டுவிட்டு, என் தொடையில் விரலால் தட்டிக்கொண்டு, அந்தத் தாளத்திலேயே சொல்வேன். அம்மா முந்தானையைத் தலையைச் சுற்றிப் போட்டு மதராக நிற்பாள். "வாட்டீஸ் யுவர் நேம்" என்று காலனியில் கேட்டுக் கற்றுக்கொண்டு வந்த ஒரே இங்கிலீஷைக் கேட்பாள். நான் சொல்வேன். திக்காமல் சொல்வேன். பாட்டையும் சொல்வேன். அம்மா ஒருநாள் அழுதுவிட்டு, புகை கண்ணில் பட்டுவிட்டது என்றாள். அவள் அதை வீட்டில் சொல்லவில்லை. அவள் சொன்னால் அந்த வீட்டில் எதுவும் செல்லாது.

அந்தச் சமயத்தில்தான் அத்தைக்குக் கடைவாய்ப் பல்லில் வலி வந்தது. கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கியது. கம்பவுண்டர் தன் டாக்டரிடமிருந்து ஒரு சின்ன பழுப்புக் கண்ணாடிக் குப்பி கொண்டுவந்தார். ரப்பர் தலையோடு சொட்டு விடும் குழாய் உண்டு. கிராம்பு எண்ணெய். ஒரு ஸ்பூன் தேங்காயெண்ணெயில் ஒரு சொட்டு விட்டு, பஞ்சில் தொட்டுப் பல்லில் மட்டும் வைக்கணும், எச்சிலை விழுங்காமல் துப்பணும் என்றார்.

"நேரா வச்சிடாதீங்கக்கா, வெந்துடும்."

அவர் சொன்னபடியே அத்தை வைத்தாள். வலி அடங்கியது. இரண்டொரு நாளில் அந்தப் பல் தானாகவே ஆடி விழுந்து, வீக்கமும் வடிந்தது. எண்ணெய்தான் வீக்கத்தை இறக்கியது என்று அத்தை முடிவு கட்டினாள். குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பல்லின் வீக்கத்தை இறக்குகிற மருந்து நாக்கின் தடிப்பை இறக்காதா என்று அவளுக்குத் தோன்றியது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

கம்பவுண்டர் விசாரிக்க வந்து, வைத்தால் கலந்தே வையுங்கள் என்று மறுபடியும் சொல்லிவிட்டு மாடி ஏறிப் போனதும் அம்மாவிடம் சொன்னாள்: "பால்காரிகிட்டயே கலந்துக்கோன்னு சொல்லிட்டுப் போறான் பாத்தியா. கலந்த மருந்தே இப்படிக் கேக்குதுன்னா கலக்காதது இன்னா கேக்கும்."

ஊரையே கலந்து ஏமாற்றுகிறவளுக்கு, கலக்கச் சொல்வதில் ஒரு நல்லது இருக்க முடியும் என்று கடைசிவரை தோன்றவில்லை.

பள்ளிக்குப் போகும் நாள் காலை. எனக்கு வெள்ளைச் சட்டை புதிதாகத் தைத்திருந்தார்கள், கழுத்தில் சின்னதாக லேஸ் வைத்து. தலையில் எண்ணெய் வழிய இரட்டைப் பின்னல். அத்தை குப்பியோடு வந்தாள். அம்மாவுக்கு எங்கிருந்து குரல் வந்ததோ, அன்று பேசினாள்.

"வேணாம் அண்ணி. அவ சொல்றா. நான் கேட்டேன், நல்லாவே சொல்றா."

"ஒங்கிட்ட சொல்லுவா. அங்க சொல்லணுமே."

அப்பா என்னைப் பார்த்தார். எங்கே, இப்போ சொல்லு என்றார். மூன்று பேரும் என் வாயையே பார்த்தார்கள். அம்மாவின் கை அவள் புடவை மேல் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது, எனக்கு ஞாபகப்படுத்துவதற்காக. நான் தொடையில் தட்டினேன். உதடு ஒட்டிக்கொண்டது. எவ்வளவு நேரம் ஒட்டியிருந்தது என்று தெரியாது. எருமை ஒன்று கத்தியது. அத்தை, "கேட்டல்ல" என்று அம்மாவிடம் சொன்னாள்.

அப்பாதான் என் தாடையைப் பிடித்தார். அத்தை சொட்டுச் சொட்டாக விடவில்லை. குழாயில் இருந்ததை அப்படியே நாக்கில் பீய்ச்சி, விரலால் அடிநாக்கு வரைக்கும் தேய்த்தாள். முதலில் இனிப்பு மாதிரி ஒன்று. பிறகு அடுப்புக் கரியை வாயில் வைத்தது மாதிரி. துப்பக் கூடாது என்று அப்பா வாயைப் பொத்தினார். கொஞ்சம் தொண்டையில் இறங்கி வயிறுவரை எரிந்தது. கண்ணும் மூக்கும் ஒழுகின. பிறகு எல்லாம் நின்றது. எரிச்சல் இல்லை, சூடு இல்லை. நாக்கே இல்லை. வாய்க்குள் யாரோ ஈரத் துணியைச் சுருட்டி வைத்துவிட்டுப் போனது போல இருந்தது. நான் அழுகையை நிறுத்தியதைப் பார்த்து அத்தைக்குத் திருப்தி. பார், கேட்டுவிட்டது என்றாள்.

அப்பாவோடும் அத்தையோடும் பஸ்ஸில் போகும்போது நான் பெயரை மனதுக்குள் சொல்லிப் பழகிக்கொண்டே போனேன். நாக்கை அசைத்துப் பார்த்தேன் போலிருக்கிறது. பல்லுக்கு நடுவில் அது மாட்டியதோ, நான் கடித்ததோ எதுவும் எனக்குத் தெரியவில்லை. வலி தெரிந்தால்தானே.

மதர் நல்லவர் போலத்தான் இருந்தார். ஜன்னல் பக்கம் உட்காரச் சொன்னார். முதலில் இங்கிலீஷில் கேட்டார். பிறகு, "உன் பேர் என்னம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் தொடையில் தட்டினேன். உதடு அன்று ஒட்டவில்லை. அதுதான் வேடிக்கை. உதடு அழகாகப் பிரிந்தது. உள்ளே இருந்து ஒரு சத்தம் வந்தது, அது என் பெயர் இல்லை, எந்தப் பெயரும் இல்லை. சத்தத்தோடு எச்சிலும் இரத்தமும் சேர்ந்து தாடை வழியாக லேஸில் இறங்கின. மதர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். வாயில் என்ன, என்ன வாசனை இது என்று கேட்டார்.

அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"ஒண்ணுமில்ல மதர், பொறந்ததுலேர்ந்தே இப்படித்தான்."

மதர் என்னைப் பார்த்த பார்வை மாறியது. இரக்கம் வந்தது. வாய் பேச முடியாத பிள்ளைகளுக்கென்று தனியாகப் பள்ளி இருக்கிறது, அங்கே நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள் என்று அப்பாவிடம் சொன்னார். நான் கையைத் தூக்கினேன். ஏன் தூக்கினேன் என்று தெரியவில்லை. இந்தப் பள்ளியில் கையைத் தூக்கினால் போதும் என்று கேள்விப்பட்டிருந்தேன் அல்லவா. பாத்ரூம் போகக் கேட்கிறாள் என்று நினைத்து மதர் ஆயாவைக் கூப்பிட்டார். எனக்கு அடுத்து வந்த பெண், நான் உட்கார்ந்திருந்த நாற்காலியை ஆயா துடைத்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.

பஸ் ஸ்டாப்பில் அப்பா அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். அக்னி வெயிலில் ரோட்டைப் பார்த்தபடியே, சத்தம் போடாமல் கேட்டார்.

"ஒரு பேரு. ஒம் பேரு. அதுகூடவா வரல?"

சாயங்காலத்துக்குள் மரமரப்பு விட்டுப்போய் வலி வந்தது. நாக்கெல்லாம் வெள்ளையாகத் தோல் உரிந்து, உதட்டோரம் கொப்பளித்து, ஓரத்தில் கடித்த இடம் பிளந்திருந்தது. கம்பவுண்டர் வேலை முடிந்து வந்தவர் என் வாயைத் திறந்து பார்த்தார். "அடப்பாவிங்களா, நேராவா ஊத்தினீங்க?" என்றார். குளிர்ந்த பாலை வாயில் வைத்து வைத்துத் துப்பச் சொன்னார். பிறகு அவருக்குப் பழக்கதோஷம், "டிரங்க் கால் லைனே கட்டாயிடுச்சு போ" என்றார். அத்தை சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். காலையிலிருந்து அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. அம்மா சாயங்காலக் கறவையிலிருந்து ஒரு சொம்பு பால் எடுத்து, தண்ணீர்த் தொட்டியில் வைத்துக் குளிரவிட்டு எனக்குக் கொடுத்தாள். கேனில் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு தண்ணீரை அத்தை அதில் ஊற்றினாள்.

அந்த வெள்ளைச் சட்டை எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. கறை போகவில்லை என்று கிழித்து எருமைகளின் மடி துடைக்கும் துணியாக வைத்துக்கொண்டார்கள். லேஸ் பக்கம் கொஞ்ச நாள் கொட்டகை ஆணியில் தொங்கியது.

அத்தை கெட்டவள் என்று நான் எழுத வரவில்லை. நான் அவளுக்கு வேண்டாதவளாக இருந்திருந்தால் என்னைச் சிங்கப்பெருமாள் கோவில்வரை கூட்டிப்போயிருக்க மாட்டாள். என் மேல் கொஞ்சம் பிரியம் இருந்ததால்தான் கலக்காமல் ஊற்றினாள். வாழ்க்கையில் அவள் யாருக்காவது கலக்காமல் கொடுத்த ஒரே பொருள் அதுதான். அதை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் பயமாக இருக்கிறது.

அந்த வகுப்பில் எல்லாம் முடிந்து சமோசா கொடுக்கும் நேரத்தில் அந்தப் பெண் அவசர அவசரமாகச் சில எச்சரிக்கைகள் சொன்னாள். நீங்கள் பேசிக்கொண்டிருந்தீர்கள். எழுந்து போன நான் கதவருகே நின்று கேட்டேன். கிராம்பு எண்ணெயை ஒருபோதும் அப்படியே தோலில் வைக்கக் கூடாது. நிறையத் தேங்காயெண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ துளி கலந்து, முதலில் முழங்கைக்கு உள்பக்கம் கொஞ்சம் தடவி, ஒருநாள் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்ற இடத்தில் தடவ வேண்டும். கண், மூக்கு, வாய்ப் பக்கம் கூடாது. விழுங்கவே கூடாது, ஈரல் கெடும். சின்னப் பிள்ளைகளுக்கு ஆகவே ஆகாது. வயிற்றுப் பிள்ளைக்காரிகளும், இரத்தம் இளக மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. வாசனை பரப்பும் மின்கருவியில் விட்டாலும் ஜன்னலைத் திறந்து வைத்துக் கொஞ்ச நேரம்தான். வீட்டில் பூனை நாய் இருந்தால் அதுவும் வேண்டாம். இவ்வளவும் அவள் சொன்னது.

அவள் சொல்லாத ஒன்றை நான் சேர்க்கிறேன். அது மரத்துப்போக வைக்கும். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டது என்றால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். உள்ளே வெந்துகொண்டிருக்கும். எனக்குத் தெரியும். போன வாரம் லிஃப்டில் உங்களில் ஒருவர், தன் பேத்தி விரல் சூப்புகிறாள், இந்த எண்ணெயைத் தடவிப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னீர்கள். நான் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூன்றாவது மாடி வந்துவிட்டது, நீங்கள் இறங்கிப் போய்விட்டீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்த விரல் கண்ணுக்கும் போகும். தயவுசெய்து வேண்டாம்.

அன்று சாயங்காலம் பால் வாயோடு நான் படுத்திருந்தபோது, முன்கட்டில் அப்பாவும் அத்தையும் பேசிக்கொண்டிருந்தார்கள். இனி இங்கிலீஷ் பள்ளி என்ற பேச்சே வேண்டாம், பழைய பள்ளிக்கே போகட்டும், காலையில் வேலை பழகட்டும் என்று அத்தை சொன்னாள். வாசலில் நின்று பால் என்று குரல் கொடுக்கக்கூட இதற்கு வராதே என்றார் அப்பா. அதற்கு வழி இருக்கிறது என்றாள் அத்தை.

மறுநாள் காலை அப்பா சைக்கிள் கடையில் ஒரு மணி வாங்கி வந்து பால் கேனின் கைப்பிடியில் பொருத்தினார். நான் அதை அடித்துக்கொண்டு காலனி வீடுகளுக்குப் பால் ஊற்றப் போனேன்.